பச்சையாய்ச் செத்த மரம்

கிரகப்பிரவேசத்துக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்த காலம் போய், எங்கள் சூலக்கரைப் பக்கமும் போன்சாய் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதிலும் ஜூனிபர்தான் கௌரவமாம். முறுக்கிய தண்டு, பாசி போர்த்திய மண், மேலே நாலு வெள்ளைக் கூழாங்கல். வாங்கியவர் அதை நேரே ஹாலுக்குக் கொண்டுபோய் டீவிக்குப் பக்கத்தில் வைக்கிறார். "குளிர்தேசத்துச் செடி, ஏசியில இருந்தாத்தான் பிழைக்கும்" என்று விளக்கம் வேறு. தண்ணீர் தினமும் ஒரு மூடிதான். கூட ஊற்றினால் பெரிதாகிவிடுமாம்!

குளிர்தேசத்துச் செடி என்பதைத் தவிர இதில் ஒரு சொல்கூட உண்மையில்லை.

நானும் இந்தப் பாவத்தில் பங்காளிதான். கொடைக்கானல் போய்த் திரும்பும்போது சாலையோர நர்சரி ஒன்றில் ஜூனிபர் வாங்கிவந்து, ஏசி இருந்த அறையில் வைத்து, குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல் தண்ணீர் தெளித்தேன். ஒரு மாதம் பச்சையாகவே நின்றது. வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். ஒருநாள் அறையைக் கூட்ட வந்த அம்மா இலையை உருவிப் பார்த்துவிட்டு, "எய்யா, இது செத்து ரொம்ப நாளாச்சு. வெளக்கமாறு மாதிரியில்ல இருக்கு" என்றாள். தண்டை நகத்தால் சுரண்டினேன். உயிருள்ள மரமென்றால் பட்டைக்கடியில் ஈரப்பச்சை தெரியவேண்டும். எனக்குத் தெரிந்தது காய்ந்த தீக்குச்சி நிறம்.

ஜூனிபரின் இலை செதில் செதிலாக, மெழுகு பூசினாற்போல இருக்கும். ஈரத்தை லேசில் விடாது. வேர் செத்த பிறகும் வாரக்கணக்கில் நிறம் மாறாது. வெட்டிக் கொண்டுவந்த கிறிஸ்துமஸ் மரம் பண்டிகை முடிந்தும் பச்சையாக நிற்பது இதனால்தான். "எங்க வீட்டு ஜூனிபர் ஹால்லயே நல்லா இருக்கே" என்கிறவர்களில் பாதிப்பேர் பிணத்துக்குத்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

குளிர் விஷயத்துக்கு வருவோம். அந்த மரம் கேட்பது குளிர்காலத்தை. ஆண்டில் சில வாரங்கள் கடுங்குளிரில் வளர்ச்சியை நிறுத்தி உறங்கி எழுவது அதன் சுபாவம். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி பத்து மணிக்குப் போட்டு விடிகாலையில் அணைக்கிற 24 டிகிரி ஏசி அதற்கு எந்த ஊர்க் குளிர்காலம்? வெளிச்சமோ அதைவிட மோசம். நம் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஹாலுக்குள் சில நூறு தேறினால் அதிகம். நம் கண் பழகிக்கொள்வதால் அறை வெளிச்சமாகத் தோன்றுகிறது. இலைக்கு அது பட்டினி.

ஜப்பானில் போன்சாய்கள் வெட்டவெளிப் பலகையில்தான் வாழ்கின்றன. விருந்தினர் வந்தால் ஓரிரு நாள் உள்ளே கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்ப வெளியே வைத்துவிடுவார்கள். ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தார் வளர்த்த வெண்பைன் ஒன்று உண்டு. 1625 முதல் தொட்டியில் பழக்கப்பட்ட மரம். 1945 ஆகஸ்ட் 6 அன்று நர்சரியின் மதில் மறைவில் நின்றதால் அணுகுண்டிலிருந்து தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போய் இன்றும் வாஷிங்டனில் நிற்கிறது. அணுகுண்டுக்குத் தப்பிய அந்த மரம் நம் டீவி ஸ்டாண்டுக்குத் தப்பியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

குற்றத்தில் எங்கள் மாவட்டத்துக்கும் பங்குண்டு. டீ கோப்பைக்குப் பக்கத்தில் மேசைமேல் ஜூனிபர் இருக்கும் படத்தைக் காலண்டரில் அச்சிட்டு வீடுவீடாக அனுப்பியது சிவகாசிதானே! அந்தப் படத்தை எடுத்து முடித்ததும் மரத்தை வெளியே தூக்கிப்போனதை யார் அச்சிட்டார்கள்?

"சரி, மொட்டைமாடியில் வைக்கிறேன்" என்பீர்கள். மழை குறைந்து காற்று காய்ந்திருப்பது தோதாக இருந்ததால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வேரூன்றின. தீக்குச்சியை உலர்த்துகிற அதே காற்று, மூன்று விரற்கடை ஆழத் தொட்டியை மதியத்துக்குள் உலர்த்திவிடும். மார்கழி விடியலில்கூட இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான். கொடைக்கானலிலோ இமயமலை அடிவாரத்திலோ இருப்பவர் ஜூனிபரில் தொடங்கட்டும். சூலக்கரைக்காரர் தொடங்கினால் முதல் கோடையோடு கலையும் போய்விடும், ஆசையும் போய்விடும். இன்னொரு சங்கடம்: கத்தரி பிடித்த புதிதில் எல்லாரும் அளவுக்கு மீறி வெட்டுவோம். இலை முழுக்கப் போன ஜூனிபர்க் கொம்பு திரும்பத் துளிர்க்காது, அவ்வளவுதான். ஆலமரத்தை மொட்டையடியுங்கள், பத்துப் பதினைந்து நாளில் பால்சொட்டக் குருத்து விடும்.

ஆல், அரசு, அத்தி, புளி, காகிதப்பூ. கற்றுக்கொள்ள இவை போதாதா? தூர்ந்த கிணற்றுச் சுவரைப் பாருங்கள். காக்கை போட்ட விதை செங்கல் இடுக்கில் முளைத்து, கைப்பிடி மண்ணில்லாமல் பத்து வருஷமாய் முழ உயரத்தில் நிற்கும். (அரசும் ஆலும் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். வேர் சுவரைப் பிளந்துவிடும் என்ற பயம் அது. தொட்டிக்குள் இருக்கிற வேர் எந்தச் சுவரைப் பிளக்கும்?)

நான் அப்படிக் கிணற்றுச் சுவரில் நின்ற ஒன்றை ஐப்பசி மழைக்குப் பிறகு பெயர்த்தேன். ஆணிவேரைக் குறைத்து, பக்கவேரைக் காத்து, ஜூனிபர் செத்த அதே தொட்டியில் வைத்தேன். கரிசல் மண்ணைக் கிட்டவே சேர்க்கவில்லை. நனைந்தால் களியாக அடைத்து வேரை அழுகவைக்கும், காய்ந்தால் வெடித்து வேரை அறுக்கும். மிளகளவு செங்கல் குருணை இரண்டு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு. ஊற்றிய தண்ணீர் அடித்துளை வழியே ஓடிவர வேண்டும், மண் விரலுக்குக் காய்ந்து பட்டால் மறுபடி ஊற்ற வேண்டும். சித்திரையில் அது ஒரு நாளைக்கு இரண்டு தடவை. மரம் குட்டையாக இருப்பது கத்தரியால்: கொப்பையும் வேரையும் மாற்றி மாற்றி வெட்டுவதால். தாகத்தால் அல்ல.

தொட்டி இப்போது மாடியில் தண்ணீர்த்தொட்டி ஓரம். வத்தல் காயப்போட ஏறும்போது அம்மா அதற்கும் ஒரு செம்பு ஊற்றுகிறாள். போன்சாய் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். அவளுக்கு அது "கிணத்தடி ஆலு."