ஆனர்ஸ் பட்டியலில் தமிழ்

நம் நாட்டில் இளநிலைப் பட்டம் பெறும் பெரும்பாலோரின் சான்றிதழில் 'கெபுஜியான்' என்ற சொல் இருக்கிறது. ஸ்கூடாயில் நான் பெற்ற பொறியியல் பட்டத்திலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஆனர்ஸ்'. இதைக் 'கௌரவப் பட்டம்' என்று மொழிபெயர்த்துத் திருமண அழைப்பிதழில் அச்சிடுபவர்களும் உண்டு. படிக்காமலேயே மேடையில் வழங்கப்படும் டாக்டர் பட்டம் போல் ஆகிவிடுகிறது அது! இலங்கைத் தமிழர் 'சிறப்புப் பட்டம்' என்கிறார்கள். அதுவே பொருத்தம்.

ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். இன்டர்மீடியட் முடித்தவர் இரண்டு ஆண்டில் சாதாரண பி.ஏ. வாங்கிவிடலாம். ஆனர்ஸ் என்றால் மூன்று ஆண்டு, ஒரு துறையில் ஆழமான படிப்பு. எல்லாக் கல்லூரிகளும் அதை நடத்திவிட முடியாது. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி போன்ற சிலவற்றுக்கே அந்தத் தகுதி. ஆகவே எந்தெந்தப் பாடத்தில் ஆனர்ஸ் உண்டு என்ற பட்டியலைப் பார்த்தாலே, அன்றைய கல்வியுலகம் எதை மதித்தது என்பது புரிந்துவிடும். ஆங்கிலமும் கணிதமும் தத்துவமும் முன்வரிசையில் இருந்தன. தமிழ் வெகுகாலம் வாசலுக்கு வெளியே நின்றது. தமிழை ஆழப் படிக்க விரும்பியவருக்கு வித்துவான் தேர்வு, கீழ்த்திசைக் கல்விப் பட்டம் என்று தனி வழி. நாம் விரும்பிப் படிக்கும் மு.வ. அந்த வழியாக வந்தவர்தாம்: 1935இல் வித்துவான், 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்.

அதற்கும் முன்பு நிலைமை இன்னும் மோசம். 1900களின் தொடக்கத்தில், தமிழைப் பாடத்திட்டத்திலிருந்தே நீக்கிவிடலாம் என்ற யோசனை அதே பல்கலைக்கழகத்தில் எழுந்தது. எதிர்த்து நின்றவர் கிறிஸ்துவக் கல்லூரியின் தமிழாசிரியர் பரிதிமாற்கலைஞர். மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870இல் பிறந்த சூரியநாராயண சாஸ்திரிதான் அவர். அதே கல்லூரியில் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியரானவர். நண்பர் பூரணலிங்கம் பிள்ளையுடன் சேர்ந்து அவர் போராட, யோசனை கைவிடப்பட்டது. 1903இல் அவர் மறைந்தபோது வயது 33. தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அவர் அன்றே வாதிட்டதை இந்திய அரசு ஏற்றுக்கொள்ள 2004 ஆயிற்று.

இங்கே நமக்கு அவ்வளவு போராட்டம் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. கத்தோலிக்கத் துறவியான தனிநாயகம் அடிகள் அதன் தலைவராக இருந்து வளர்த்தார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் தமிழ் பட்டப்படிப்பு உண்டு. ஆனால் நம் ஜொகூரில் ஸ்கூடாய், பாரிட் ராஜா பல்கலைக்கழகங்கள் இரண்டும் தொழில்நுட்பத்துக்கானவை. குளுவாங்கிலோ மூவாரிலோ இருக்கும் ஒரு மாணவி தமிழில் சிறப்புப் பட்டம் படிக்க நினைத்தால் வடக்கே பஸ் ஏற வேண்டும். அதற்கு முன் வீட்டில் ஒரு கேள்வியைத் தாண்ட வேண்டும்: "தமிழ் படிச்சி என்னம்மா வேலைக்குப் போவ?"

பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். பி.டி.பி.டி.என். கடனைத் திருப்பிக் கட்டப்போவது அந்தக் குடும்பம்தானே. எனக்கு வருத்தம் நம்மீதுதான். எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்காக நாம் நடத்தும் கல்வி வழிகாட்டி நாள்களில் பொறியியலுக்கு மேசை, கணக்கியலுக்கு மேசை, மருத்துவத்துக்கு இரண்டு மேசை. தமிழுக்கு? நான் போன எதிலும் பார்த்ததில்லை. நடத்துவது தமிழ்மொழிக் கழகம்! பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஆள் திரட்டத் தெரிந்த நமக்கு, தமிழில் தேர்ச்சி பெற்ற மாணவரிடம் "இதையும் படிக்கலாம்" என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை. மாணவர் சேராத ஒரு படிப்பை நீக்க எந்தப் பல்கலைக்கழகமும் தீர்மானம் போட வேண்டியதில்லை. அது தானாக நின்றுவிடும். அப்போது எதிர்த்து நிற்கப் பரிதிமாற்கலைஞருக்குக்கூட எதிரி இருக்கமாட்டார்.

அடுத்த வழிகாட்டி நாளில் ஒரு மேசை போடுங்கள், தம்பி தங்கைகளே. தமிழில் பட்டம் பெற்ற இருவரை அழைத்து உட்கார வையுங்கள். சம்பளம் எவ்வளவு, வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆயிற்று என்பதை மறைக்காமல் சொல்லட்டும். பஸ் செலவு என் பொறுப்பு.