சூரியன் உதிக்கும் நாட்டில் சுட்டெரிக்கும் வெயில்!

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் சொல்லவேண்டியது இல்லை. சித்திரை வந்துவிட்டால் திருவாதவூரில் மண்டை பிளக்கும். கண்மாய் வற்றும். தரை பாளம் பாளமாக வெடிக்கும்.

அந்த மண்ணில் வளர்ந்த பிள்ளை ஜப்பானுக்கு வேலைக்குப் புறப்பட்டால் தாய் என்ன கேட்பாள்? "அங்கே ஒரே குளிராமே! கம்பளி எடுத்து வச்சியாப்பா?" என்றுதான் கேட்பாள்.

குளிர் உண்டு. பனியும் உண்டு. ஆனால், அவளுக்குத் தெரியாத ஒன்றும் அங்கே உண்டு. அதுதான் கோடை!

107 டிகிரி!

2025 ஆகஸ்டு 5-ந் தேதி, ஜப்பானில் இசேசாகி என்ற ஊரில் வெயில் 107 டிகிரியைத் தாண்டியது. அந்த நாட்டில் அதற்கு முன் எந்த ஊரிலும் அவ்வளவு வெப்பம் பதிவானது இல்லை. 1898-ம் ஆண்டு முதல் உள்ள கணக்கில், 2025-ம் ஆண்டு கோடைதான் மிகக் கொடிய கோடை.

நமக்குச் சித்திரை, வைகாசியில் வெயில் என்றால் அவர்களுக்கு ஆடி, ஆவணியில் வெயில். ஜூன் மாதம் மழை பிடித்துக்கொள்ளும். மழை ஓய்ந்ததும் மரம்தோறும் சில்வண்டுகள் இரைச்சல் போடும். கோடை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அங்கே வெயிலை விடப் புழுக்கம் பொல்லாதது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். கடல் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. சூடு உடம்பிலேயே தங்கிவிடுகிறது.

டோக்கியோ போன்ற நகரங்களில் பகலெல்லாம் சூடேறிய கட்டிடங்களும் தார்ச்சாலைகளும் இரவிலும் அனல் வீசுகின்றன. சூடு தணியாத இரவுகளுக்கு ஜப்பானியர் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்!

வாசல் தெளிக்கும் வழக்கம்

நம் வீட்டுப் பெண்கள் வாசல் தெளிப்பதுபோல, ஜப்பானியரும் கோடையில் வாசலிலும் தெருவிலும் தண்ணீர் தெளிப்பார்கள். ஜன்னலில் மூங்கில் தட்டி தொங்கவிடுவார்கள். நமக்கு நீர்மோர் எப்படியோ, அப்படி அவர்களுக்கு வறுத்த பார்லித் தண்ணீர். காற்றில் கிணுகிணுக்கும் சிறு கண்ணாடி மணியைக் கட்டி, அந்த ஓசையிலேயே குளிர்ச்சி காண்பார்கள்.

இவை எல்லாம் பழைய வெயிலுக்குப் போதுமானவை. புதிய வெயிலுக்குப் போதவில்லை.

2025-ல் மே முதல் செப்டம்பர் வரை, வெப்பத்தால் மயங்கி ஆம்புலன்சில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். முதுமையில் தாகம் தெரிவதில்லை. தனியாக இருக்கும் முதியவர்களில் பலர், மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து குளிர்சாதனத்தை அணைத்துவிடுகிறார்கள். நான்கு சுவருக்குள்ளேயே உயிர் போய்விடுகிறது.

நம் பிள்ளைகள் கவனிக்க

டோக்கியோவில் நிஷி கசாய் என்ற பகுதியில், 2000-ம் ஆண்டை ஒட்டிக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இந்தியர்கள் குடியேறினார்கள். அவர்களுக்குக் குளுகுளு அறையில் வேலை. இனிப் போகிறவர்கள் எல்லோருக்கும் அப்படி இருக்காது. ஐந்து ஆண்டுகளில் 50 ஆயிரம் இந்தியர்களைத் திறன் வேலைகளுக்கு ஏற்பது என்று 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் திட்டம் வகுத்தன. கட்டிட வேலை, விவசாயம் போன்றவற்றுக்கும் ஜப்பானில் வெளிநாட்டவர் தேவைப்படுகிறார்கள்.

"நான் பார்க்காத வெயிலா?" என்ற துணிச்சல்தான் அங்கே ஆபத்து. வறண்ட வெயிலுக்குப் பழகிய உடம்பு, ஈரப் புழுக்கத்துக்குப் பழகச் சில நாட்கள் ஆகும்.

2025 ஜூன் 1 முதல் ஜப்பானில் புதிய விதி வந்திருக்கிறது. கடும் வெப்பத்தில் வேலை வாங்கும் முதலாளி, யாருக்காவது மயக்கம் வந்தால் யாரிடம் சொல்வது, எப்படிக் குளிர்விப்பது, எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, தொழிலாளருக்கும் சொல்லிவிடவேண்டும். தவறினால் சிறைத் தண்டனை அல்லது அபராதம்!

ஆனால், சட்டம் இருந்தால் மட்டும் போதாது. "எனக்கு உடம்பு சரியில்லை" என்று வாய் திறந்து சொல்ல, அந்த அளவுக்காவது ஜப்பானிய மொழி தெரிந்திருக்கவேண்டும். அவசரத்துக்கு 119 என்ற எண்ணைச் சுழற்றினால் ஆம்புலன்சு வரும். கட்டணம் இல்லை.

நாமும் யோசிக்கலாம்

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று 2024-ல் தமிழக அரசு அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி உண்டு. நல்ல காரியம். ஆனால், அந்தப் பணம் உயிர் போன பிறகு வருவது. வயலிலும் செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் உச்சி வெயிலில் நிற்கிறவர்களுக்கு உயிர் போகுமுன் வேண்டியது நிழல், தண்ணீர், சற்று ஓய்வு. அவற்றைக் கொடுப்பது வேலை வாங்குகிறவரின் கடமை என்று ஜப்பானில் சொல்கிறார்கள். இங்கேயும் சொல்லலாம்.

கம்பளியை மடித்து வைக்கும் தாய், பெட்டியில் ஒரு தொப்பியையும் போட்டு அனுப்பட்டும். "வெயிலோடு விளையாடாதேப்பா!" என்று ஒரு வார்த்தையும் சொல்லட்டும்.