இலைமுன் கணக்குப்பிள்ளை

"உன்கூடச் சாப்பிட உட்கார்ந்தா ஆடிட்டர்கூட உட்கார்ந்த மாதிரி இருக்குடா" என்றான் நண்பன். மதுரையில் ஒரு டிபன் கடை, இரவு ஒன்பது மணி இருக்கும். அவன் முன்னால் கூம்பாக நிறுத்திய நெய் ரோஸ்ட். என் முன்னால் இரண்டு இட்லி, ஒரு வடை. நான் செய்த குற்றம் இதுதான்: சர்வரிடம் "அண்ணே, காபிக்குச் சீனி தனியாக் குடுத்துருங்க" என்று சொன்னேன். அதற்குக் கால் மணி நேரப் பிரசங்கம். ருசியும் கணக்கும் ஒரே இலையில் உட்காராதாம். சாப்பாட்டைக் கலோரியாகப் பார்க்கிறவன் கவிதையை எழுத்தெண்ணிப் படிக்கிறவனாம்.

தமிழில் எழுத்தெண்ணிப் படித்தவன் என்பது வசவல்ல, பாராட்டு. அவனுக்கும் அது தெரியும், கவிதை எழுதுகிறவன். வெண்பா எழுதினவர்கள் எல்லாரும் எண்ணித்தான் எழுதினார்கள். ஈற்றடிக்கு மூன்று சீர் என்றால் மூன்றுதான். அதனால் வெண்பாவுக்கு ருசி குறைந்துவிட்டதா? அன்றைக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தோன்றியது. நமக்கு எப்போதும் அப்படித்தானே.

அவன் ஒருவனோடு மட்டும் வழக்கு என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். சாப்பாட்டைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். ஆச்சியின் கைப்பக்குவம், உருகி வழியும் நெய், விடிகாலை பொங்கல், நள்ளிரவு பரோட்டா. எல்லாம் சரி, நானும் எச்சில் ஊறத்தான் படிக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரைகளில் யாருக்கும் சர்க்கரை வருவதில்லை. யாரும் கால் விரலில் ஆறாத புண்ணோடு சாப்பிட உட்காருவதில்லை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் சொன்னது. அத்தனை பேரில் ஒருவர்கூடவா சாப்பாட்டுக் கட்டுரை எழுதுவதில்லை? எழுதுகிறார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு நெய்யைப் பற்றி எழுதுகிறார்கள்.

எனக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தது. மூன்று மாத சராசரி 8.4. மருத்துவமனையில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் கடைசி வரி: ஹோட்டல் உணவைத் தவிர்க்கவும். அந்த ஒரு வரிக்கு வந்த ஆத்திரம் வியாதிக்குக்கூட வரவில்லை. நான் படித்த புத்தகங்களில் பாதியைப் பற்றி ஹோட்டல் மேஜையில்தான் பேசியிருக்கிறேன். முதல் கதை அச்சில் வந்ததற்கு ரவா தோசை, வேலை போனதற்கு வெறும் காபி. அதையெல்லாம் ஒரு வரியில் தவிர்க்கவும் என்று சொல்லிவிட முடியுமா? சரி, தவிர்க்காமல் எப்படிச் சமாளிப்பது என்று இணையத்தில் தேடினால் வேறு ஊர்க்காரனுக்குச் சொன்ன புத்தி வந்து விழுகிறது. முதலில் சாலட் ஆர்டர் செய்யுங்கள், டிரெஸ்ஸிங்கைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். நான் போகிற கடையில் சாலட் என்று கேட்டால் நாலு வில்லை வெள்ளரியும் வெங்காயமும் வரும். அதுவும் பிரியாணிக்குத் துணையாக.

அதனால்தான் நானே கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. மாவுச்சத்தும் புரதமும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. வில்பர் அட்வாட்டர் என்ற அமெரிக்கர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்துக் கொடுத்த எண்கள், இன்றும் எல்லா டப்பாவின் முதுகிலும் இவைதான் ஓடுகின்றன. இதை வைத்துக்கொண்டு நம் ஹோட்டலைப் பார்த்தால் காட்சி மாறிவிடுகிறது. இட்லி ஒன்று சுமாராக 60. வடை அதைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாது, எண்ணெய் குடித்திருந்தால் இன்னும் மேலே. நெய் ரோஸ்டில் தோசை ஒன்றும் பெரிய குற்றவாளியில்லை. மேலே ஊற்றுகிற நெய் இரண்டு மேசைக்கரண்டி என்றால் அது மட்டுமே 250ஐ எட்டும். நான்கு இட்லி! வடித்த சோறு 100 கிராமுக்கு 130. சாப்பாட்டுக் கடையில் முதல் தடவை கவிழ்க்கிற சோறு 300 கிராமுக்குக் குறையாது, நானே ஒரு நாள் பார்சல் வாங்கி வந்து நிறுத்துப் பார்த்தேன். (வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.) சர்க்கரைக்காரனுக்குக் கலோரி மட்டும் போதாது, மாவுச்சத்தைத் தனியாகவும் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். அதற்கும் இதே கணக்குதான் வாசல்.

இந்தக் கணக்கு என்னை ருசியிலிருந்து பிரித்தது என்று நண்பன் சொல்கிறானே, நடந்தது நேர்மாறு. முன்பெல்லாம் நான்கு வடை தின்பேன். நாலாவது வடை எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பேச்சு சுவாரசியத்தில் உள்ளே போயிருக்கும். இப்போது ஒன்றுதான். ஆகவே எந்தக் கடை வடை என்று பார்க்கிறேன். சூடாகப் போட்டதா, காலையில் போட்டதா என்று கேட்கிறேன். மிளகு பல்லில் படுகிற இடத்தில் நின்று மெல்லுகிறேன். ஒரே ஒரு வடை தின்ன அனுமதி உள்ளவனைவிட வடையை அறிந்தவன் யார்? நண்பன் அன்றைக்கு ரோஸ்டைப் பாதி வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டேதான் தின்றான். சட்னி இரண்டு தடவை வந்து போனதை அவன் கவனிக்கவில்லை. அதில் ஒன்று புளித்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்குப் பார்க்கிறவனுக்கு நம் பழைய ஹோட்டலைப் போலத் தோதான இடம் கிடையாது. ஒரு இட்லி கேட்டால் ஒரு இட்லி தருவான், ஒரு வடை தருவான். அளவில்லாச் சாப்பாட்டைக் கண்டு எல்லாரும் பயப்படுகிறார்கள். எனக்கு அதுதான் பாதுகாப்பு. "சோறு கொஞ்சமா வைங்கண்ணே, பொரியல் இன்னொரு தடவை" என்றால் முகம் சுளிக்காமல் வைக்கிறார்கள். இலைக்கு நான்தான் முதலாளி. சாம்பாரா ரசமா, அப்பளத்தை நொறுக்கவா ஒதுக்கவா, எல்லாம் கண்ணுக்கு முன்னால் தனித்தனியாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது அந்தக் கிண்ணத்துக் குழம்புகள்தான். பன்னீர் பட்டர் மசாலாவில் எவ்வளவு பட்டர், எவ்வளவு முந்திரி என்று அட்வாட்டரே எழுந்து வந்தாலும் சொல்ல முடியாது.

என் கோபம் போக வேண்டிய இடம் அங்கேதான், ஹோட்டல் முதலாளிகளிடம். மினி மீல்ஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம், கூடவே ஒரு இனிப்பு, துளியூண்டு பொரியல். இதில் எது மினி? பொரியல்தான். பாதி தோசை கேட்டால் கிடையாது, ஆனால் நான்கு பேர் தூக்கி வருகிற மாதிரி ஃபேமிலி தோசை உண்டு. பிரியாணிக்கு ஹாஃப், குவார்ட்டர் இருக்கிறபோது பொங்கலுக்கு ஏன் இல்லை? பாதி விலை வேண்டாம், முக்கால் விலையே வாங்கிக்கொள்ளட்டும்.

சட்டம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் வருஷ விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்றவர்களும் பத்துக் கிளையோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களும் மெனு கார்டில் கலோரியை அச்சிட வேண்டும். பீட்சாவுக்கும் பர்கருக்கும் எண் போட்டிருக்கும். தெருமுனைக் கடை அதற்குள் வராது, வரவும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். தோசைக்கல் முன்னால் நிற்கிற மாஸ்டரின் கை ராத்திரிக்கு ஒரு அளவு, காலைக்கு ஒரு அளவு. அதற்கு எண் எழுதி ஒட்டினால் அது பொய்யெண்ணாகத்தான் இருக்கும். எனக்கு எண் வேண்டாம், நானே போட்டுக்கொள்வேன். நெய்யைக் கிண்ணத்தில் தனியாகக் கொடு, பாதி கேட்டால் பாதி கொடு. இதற்குச் சட்டம்கூட வேண்டாம், ஒரு கரண்டி போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பன் மறுபடி கூப்பிட்டான். அதே கடை. உட்கார்ந்ததும் அவனே சர்வரைப் பார்த்து, "ஒரு ரோஸ்ட், ரெண்டு பிளேட். நெய் கொஞ்சமா" என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்குப் பாதி. நடுவில் இருந்த முறுகலான பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டான். அதற்காக ஒரு சண்டை. கடைசியில் வந்த இரண்டு காபியிலும் சீனி தனியாகத்தான் இருந்தது.