நெல்லுக்கு டி.பி. ஊசி

சோழவரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓர் உரக்கடை. போன மழைக்காலத்தில் நண்பரோடு அங்கே போக நேர்ந்தது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், நாலு நெல் இலைகளைக் கல்லா மேல் போட்டார். நுனியிலிருந்து ஓரமாக, அலை அலையாக மஞ்சள் இறங்கியிருந்தது.

‘‘சம்பா மொத்தமும் இப்டி ஆவுது தம்பி. இன்னா அடிக்கலாம்?’’

கடைக்காரர் இலையைத் தொடக்கூட இல்லை. ‘‘பாக்டீரியா பெரியவரே! இத்தைப் போடுங்க’’ என்று குட்டி பாக்கெட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றைத் திருப்பிப் படித்தேன். ஸ்ட்ரெப்டோமைசின் சல்ஃபேட் 90 சதவிகிதம், டெட்ராசைக்ளின் 10 சதவிகிதம்.

ஸ்ட்ரெப்டோமைசின் யாரென்று தெரியும்தானே? 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டு, காசநோயை முதன்முதலாக விரட்டிய மருந்து. வாக்ஸ்மனுக்கு 1952-ல் நோபல் வாங்கிக் கொடுத்தது. மனுஷனுக்குப் போட டாக்டர் சீட்டு வேண்டும். நெல்லுக்கு வேண்டாம், கடைக்காரர் போதும்.

பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். கடைக்காரரைக்கூட முழுசாகச் சொல்ல முடியாது. ஹெக்டேருக்கு 300 கிராம் என்று இந்தக் கலவையைப் பரிந்துரைத்ததே வேளாண் பல்கலைக்கழகம்தான். அதே பட்டியலில் 20 சதவிகித சாணிக் கரைசலும் உண்டு. அதை மட்டும் யாரும் சிபாரிசு செய்வதில்லை. சாணியை பாக்கெட் போட்டு விற்க முடியாதே!

என் கோபம், ‘செடிக்கு என்ன தெரியும், நாமதான் காப்பாத்தணும்’ என்கிற அலட்சியத்தின் மேல். செடிக்கு நிறையத் தெரியும் சார். நமக்கு ரத்தத்தில் ரோந்து சுற்ற வெள்ளையணுக்கள் இருக்கின்றன. செடிக்கு அது கிடையாது. ஒவ்வொரு செல்லும் தனக்குத் தானே வாட்ச்மேன். நீந்துகிற பாக்டீரியாவுக்கு ஒரு வால் உண்டு. அந்த வாலின் புரதத்தில் வெறும் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு போதும்... செடியின் செல் உஷாராகிவிடுகிறது. இதை 1999-ல் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். அந்த வாலை நம் உடம்பும் அடையாளம் காண்கிறது என்று 2001-ல் தெரிந்தது. நாம் தடவிப் பார்ப்பது அதே வாலின் வேறொரு பகுதியை. செடியும் நாமும் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடிக்கவில்லை. தனித்தனியாக ஒரே யோசனைக்கு வந்திருக்கிறோம்.

இதில் நம் ஊர்ப் பங்கும் உண்டு. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல் ஒன்று இந்த இலைக் கருகலுக்கு மசிவதில்லை என்று 1977-ல் கண்டது கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையம். அந்த நெல்லின் காவல்கார ஜீனை (பெயர் எக்ஸ்.ஏ.21) 1995-ல் கலிஃபோர்னியாவில் பமேலா ரொனால்ட் குழு பிரித்தெடுத்தது. பழ ஈயிடம் இதுபோன்ற காவல் இருப்பது தெரிந்தது 1996-ல், எலியிடம் 1998-ல். ஈக்கும் எலிக்கும் 2011-ல் நோபல் கிடைத்தது. முந்திக்கொண்ட நெல்லுக்கு அல்வா!

காவல்காரன் எதைப் பார்த்துக் குரைக்கிறான் என்பதில் ரொனால்ட் குழு ஒருமுறை தப்பு செய்தது. தாங்களே கண்டுபிடித்து, 2013-ல் கட்டுரைகளை வாபஸ் வாங்கி, 2015-ல் சரியான விடையைச் சொன்னார்கள். நம் ஊரில் தப்பான பரிந்துரையை அப்படி வாபஸ் வாங்கிய யாரையாவது பார்த்திருக்கிறீர்களா?

அந்த ஜீனோடு இன்னும் இரண்டைச் சேர்த்து, மரபணு மாற்றம் எதுவும் இல்லாமல், சாதாரண ஒட்டுச் சேர்க்கையிலேயே ‘மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி’யை ஹைதராபாத் விஞ்ஞானிகள் 2008-ல் வெளியிட்டுவிட்டார்கள். அரசாங்கப் பணத்தில் உருவான விதை. பெரியவருக்கு அப்படியொரு நெல் இருப்பதே தெரியாது. பாக்கெட் தெரிகிறது.

அந்த பாக்கெட்டாவது கேட்குமா? ஒரு மழை பெய்தால் பாதி வழிந்து மண்ணுக்குப் போகிறது. அங்கே இருக்கிற கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கு அது ட்யூஷன்! அமெரிக்கப் பழத்தோட்டங்களில் 1970-களிலேயே ஸ்ட்ரெப்டோமைசினுக்கு டாட்டா காட்டும் பாக்டீரியாக்கள் வந்துவிட்டன. எதிர்க்கும் வித்தையை பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும். நெல்லுக்கு வருவது, மனுஷனுக்கு வருவது என்று பேதம் பார்க்காது. 2024 ஜனவரி 1 முதல் பயிருக்கு இவை கூடாது என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே வரைவு ஆணை போட்டது. நான் கடையில் நின்றது அந்தத் தேதி தாண்டிய பிறகு.

வேறு வழி இல்லாமல் இல்லை. யூரியாவை அள்ளிக் கொட்டாமல் இருக்கலாம். நாற்று நுனியைக் கிள்ளாமல் நடலாம்; கிள்ளினால் அந்தக் காயம் வழியே கிருமி ஜம்மென்று உள்ளே போகும். விதைநேர்த்திக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ். அதுவும் பாக்டீரியாதான், நல்ல ரகம். வேரோடு ஒட்டிக்கொண்டு செடியின் வாட்ச்மேனைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும். ஆனால், விதையிலேயே ஆரம்பிக்க வேண்டும். இலை காய்ந்தபின் ஓடி வந்தால் அதுவும் கைவிரிக்கும்.

கடைக்காரரிடம் சூடோமோனாஸ் இருக்கிறதா என்று கேட்டேன்.

‘‘இருந்திச்சு சார். யாரும் கேக்கறதில்ல, எக்ஸ்பயரி ஆயிருக்கும். அதுல என்ன மார்ஜின் நிக்குது, சொல்லுங்க?’’

பெரியவர் அதற்குள் நாலு பாக்கெட்டை மடியில் செருகிக்கொண்டு டி.வி.எஸ். ஃபிஃப்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.