கைநாட்டுக்கு முன் கணக்கு!

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். பௌர்ணமி வந்தால், கார்த்திகை தீபம் வந்தால், கிரிவலத்துக்குப் போகும் கார்கள் இந்தச் சாலையில் சாரி சாரியாக ஓடுகின்றன. இதே சாலையோரத்தில்தான் நடவுக்குப் போகும் பெண்கள் நடக்கிறார்கள்; ராத்திரி ஷிப்டு முடித்த ஆலைத் தொழிலாளி சைக்கிள் மிதிக்கிறார்.

ஒரு கார் உரசிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உயிருக்கு ஆபத்தில்லை, மணிக்கட்டில் எலும்பு விரிசல், அவ்வளவுதான். காரில் வந்தவர் இறங்கி, "ஐயாயிரம் வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, போலீஸ் எல்லாம் எதற்கு?" என்கிறார். பக்கத்தில் நிற்பவரும் "கிடைத்ததை வாங்கு" என்று ஒத்து ஊதுகிறார். வாங்குவதா, மறுப்பதா?

முதலில் கணக்குப் போடுங்கள், தோழர்களே! நாள் கூலி 400 ரூபாய் என்றால், 45 நாள் கை தூக்க முடியாமற் போனால் கூலி நஷ்டம் மட்டும் 18,000 ரூபாய். எக்ஸ்ரே, மருந்து, பஸ் செலவு, கூட இருந்து கவனித்த மகளின் கூலி, பட்ட வலி ஆகியவை அதற்கு மேல். ஐயாயிரம் எந்த மூலைக்கு?

"பாவம், காரோட்டியும் சம்பளத்துக்கு ஓட்டுபவர்தானே" என்று சிலர் இரங்குகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அவர் பையிலிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஒவ்வொரு வண்டிக்கும் சட்டப்படி கட்டாயம். ரோட்டில் அடிபடுகிறவருக்காகவே அந்தப் பிரீமியம் வசூலிக்கப்படுகிறது. நஷ்ட ஈடு பிச்சையல்ல, உரிமை!

அந்த உரிமைக்கு ஆதாரம் வேண்டும். போலீசில் புகார் பதிவாக வேண்டும். எப்படி அடிபட்டது என்பதை ஆஸ்பத்திரியில் முதல் நாளே சொல்லி எழுதவைக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிகளின்படி, விபத்தின் முதல் அறிக்கையைப் போலீஸ் 48 மணி நேரத்துக்குள் நஷ்ட ஈட்டுக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். கார் சென்னையுடையதானாலும் பெங்களூருடையதானாலும், விபத்து நடந்த இடத்திலோ நாம் குடியிருக்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை.

அடுத்து வருவது கம்பெனியின் சமரசத் தொகை. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 149வது பிரிவு அதற்கு வழி வகுத்திருக்கிறது. கம்பெனி அதிகாரி கோர்ட்டின் முன் ஒரு தொகையைச் சொல்ல வேண்டும். நாம் சம்மதித்தால் கோர்ட் அதைப் பதிவு செய்யும். 30 நாளுக்குள் பணம் தரவேண்டும். மறுத்தால்? வழக்கு விசாரணைக்குப் போகும், அவ்வளவே. மறுத்ததற்காக உரிமை பறிபோகாது.

கூலிக்காரனுக்குச் சம்பளச் சீட்டு ஏது என்று கம்பெனி கேட்கலாம். கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கில், சீட்டு இல்லை என்பதற்காக அவர் சொன்ன 4,500 ரூபாய் மாத வருமானத்தைத் தள்ளக்கூடாது என்று 2011ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010ல் இன்னொரு வழக்கில், ஊனம் எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், அது அவருடைய தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றது. குமாஸ்தாவின் கை வேறு, தச்சனின் கை வேறு. நாற்று நடும் கையும் அப்படித்தான்!

அதற்காக எந்தச் சமரசமும் கூடாது என்று நாம் சொல்லவில்லை. காயம் முழுக்க ஆறிவிட்டது, பாக்கிச் சிகிச்சை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், தொகை நம் கணக்குக்கு ஏறக்குறைய வருகிறது என்றால் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். வாய்தாவுக்கு நடக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. தவிர, தகராறுத் தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவானால் தீர்ப்பின்மேல் அப்பீலும் இல்லை. ஆனால் கட்டு அவிழ்க்குமுன், விரல் மடங்குமா என்று தெரியுமுன், "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்ற தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால் அதுவே முடிவு. அதன்மேல் அப்பீல் கிடையாது. வெற்றுத்தாளில் கையெழுத்து ஒருபோதும் வேண்டாம்.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது திருத்தப்பட்ட சட்டம். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று நாளைக் கடத்தாதீர்கள். மனுவைப் போட்டுவிட்டே பேசலாம்.

வக்கீலுக்குப் பணம்? பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு 1987ம் வருடச் சட்டப்படி இலவச உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். வரும் தொகையில் பங்கு பேசும் தரகரை அண்டவிடாதீர்கள். வக்கீல்களே அப்படிப் பங்கு பேசக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி.

கம்பெனிக்கு வக்கீல் உண்டு, கணக்கர் உண்டு, அவகாசம் உண்டு. நமக்கு இருப்பது ஒற்றுமை. தாள் நீட்டப்பட்டால் அங்கேயே முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், படிக்கத் தெரிந்த தோழரைப் படிக்கச் சொல்லுங்கள், சங்கத்தில் பத்துப் பேர் கூடிக் கணக்குப் பாருங்கள். அதன் பிறகு வையுங்கள் கையெழுத்தை!