ஒரு படம் பார்த்தால் கதை. இரண்டு படம் பார்த்தால் சாட்சி!

"சும்மா ஒரு சினிமா பாய்! இதுக்குப் போய் ஏன் இவ்வளவு கோபம்?"

2012-ல் 'துப்பாக்கி' வந்தபோதும் இதைத்தான் கேட்டார்கள். 2013-ல் 'விஸ்வரூபம்' வந்தபோதும் இதைத்தான் கேட்டார்கள். சமுதாயம் கொதித்தெழுந்தது. சில காட்சிகள் வெட்டப்பட்டன. சில வசனங்கள் ஊமையாக்கப்பட்டன. பிறகு? படம் ஓடியது, கல்லா நிரம்பியது. 'ஸ்லீப்பர் செல்' என்ற சொல் டீக்கடை பெஞ்சு வரை போய் உட்கார்ந்துகொண்டது.

வெட்டச் சொல்வது நமது உரிமை. ஆனால் கத்தரிக்கோலுக்குப் பொய் சாகாது. பொய்க்குப் பக்கத்திலேயே உண்மையைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்கு இளைஞர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். இரண்டிரண்டாகப் பாருங்கள்!

"படம் பார்க்கச் சொல்கிறதா நம் பத்திரிகை?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கல்யாண வீட்டில் டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் பார்த்த காலம் போய், இன்று ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் ஒரு தியேட்டர் இருக்கிறது. பார்ப்பவனுக்குக் கண்ணைத் திறந்துவிடுவதே நம் வேலை. வந்த செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம் அல்லவா நம்முடையது?

ஒரே விருது, இரண்டு முகம்!

முதல் ஜோடி: 1992-ல் வந்த 'ரோஜா', 1973-ல் எடுக்கப்பட்ட 'கரம் ஹவா'.

'ரோஜா'வில் தேசியக் கொடி எரிகிறது. கதாநாயகன் அதன்மேல் விழுந்து புரண்டு அணைக்கிறான். அந்த நேரத்தில் தீவிரவாதி என்ன செய்கிறான்? தொழுதுகொண்டிருக்கிறான்! தொழுகைக்கும் தீக்கும் முடிச்சுப் போட்டது யார்? "முடிவில் அவன் திருந்துகிறானே" என்பார்கள். ஆமாம், முஸ்லிம் என்றால் திருந்த வேண்டியவன்தானே அவர்கள் கணக்கில்!

இப்போது 'கரம் ஹவா'வைப் போடுங்கள். மைசூரில் பிறந்த எம்.எஸ். சத்யு எடுத்தது. கதை இஸ்மத் சுக்தாயுடையது. பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவில் செருப்புத் தொழில் நடத்தும் சலீம் மிர்சாவாக பால்ராஜ் சஹானி வாழ்ந்திருப்பார். வியாபாரிகளே, கவனியுங்கள்! சலீம் மிர்சாவுக்கு வங்கி கடன் தரவில்லை. பரம்பரை வீடு பறிபோகிறது. வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. உளவாளி என்று வழக்கு வருகிறது. நிரபராதி என்று விடுதலை ஆகிறார். மனம் வெறுத்து ஊரைவிட்டுக் கிளம்பியவர், வழியில் வேலை கேட்டுப் போகும் ஊர்வலத்தைப் பார்த்து வண்டியை விட்டு இறங்கி அதில் கலக்கிறார். போகவில்லை, இது என் மண் என்று நிற்கிறார்.

இரண்டு படங்களுக்கும் தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது கிடைத்தது! எது ஒருமைப்பாடு என்று பார்ப்பவனே தீர்ப்புச் சொல்லட்டும். இன்றும் பெயரைக் கேட்டதும் "வீடு இல்லை" என்று கதவைச் சாத்துகிறவரின் மனதில் ஓடுவது எந்தப் படம்?

யார் இடித்தது?

இரண்டாவது ஜோடி: 1995-ன் 'பம்பாய்', 1992-ல் வெளிவந்த ஆனந்த் பட்வர்தனின் ஆவணப்படம் 'ராம் கே நாம்'.

'பம்பாய்' படத்தில் பாபர் மசூதி இடிப்பு பத்திரிகைத் தலைப்புச் செய்தியாக வந்து போகிறது. பிறகு இரு பக்கமும் சமமாக வெட்டிக்கொள்கிறார்கள். வெளியிடும் முன் பால் தாக்கரேக்குப் போட்டுக் காட்டினார்கள்! கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் 1998-ல் சொன்ன கணக்கு: இறந்தவர்கள் 900, அதில் முஸ்லிம்கள் 575. சிவசேனாவின் பங்கையும் கமிஷன் மறைக்காமல் எழுதியது. இதுவா சமம்?

'ராம் கே நாம்' 1990 ரத யாத்திரையின் பின்னாலேயே போகிறது. ராமஜென்மபூமிக்கு நீதிமன்றம் நியமித்த பூசாரி லால்தாஸ், இது அரசியலுக்கும் பணத்துக்கும் நடக்கும் ஆட்டம் என்று கேமராவின் முன் போட்டு உடைக்கிறார். 1993-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தப் படத்தை ஒளிபரப்பத் தூர்தர்ஷன் மறுத்தது. பட்வர்தன் நீதிமன்றம் ஏறித்தான் காட்ட வைத்தார்.

சத்யுவும் பட்வர்தனும் லால்தாஸும் முஸ்லிம்களா? இல்லை. நமக்காகப் பேசிய மாற்றுமதச் சகோதரர்கள் இவர்கள். இவர்களை நாமே பார்க்கவில்லை என்றால் வேறு யார் பார்ப்பது?

இளைஞர்களே! மாதம் ஒரு ஜோடி போதும். மாற்றுமத நண்பர்களையும் அழைத்து உட்கார வையுங்கள். பார்த்து முடித்ததும் பேசுங்கள். கத்த வேண்டாம், கேள்வி கேளுங்கள். வணிகப் பெருமக்களே! ஆண்டுதோறும் காலண்டர் அடிக்கச் செலவிடுவதில் ஒரு பங்கு போதும், ஒரு புரொஜக்டரும் ஒரு மாடி அறையும் தயார். நாளை நம் பிள்ளை ஒருவன் கேமரா பிடிக்க வந்தால் அவனுக்கும் கை கொடுங்கள்.

நம் கதையை நாம் சொல்லாதவரை, நம்மைப் பற்றிய கதையை மற்றவன்தான் எழுதுவான். இன்ஷா அல்லாஹ், அந்தப் பேனாவை நாம் எடுப்போம்!