ஒட்டும் பவர் பேங்க்: பெட்டி பெட்டியாக எடுக்கும் முன்

பர்மா பஜாரிலிருந்து எண்ணூர் வரை, செல்போன் உதிரிப் பொருள் விற்கும் கடை எதில் நுழைந்தாலும் இப்போது ஒரு புதுச் சரக்கு கண்ணில் படுகிறது. செல்போனின் முதுகில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு, வயர் இல்லாமலேயே சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க். வாடிக்கையாளர் "ஒட்டுற பவர் பேங்க்" என்று கேட்கிறார். சப்ளையர்களும் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க் கடைகளுக்கு வந்து, இதுதான் இனி ஓடும் சரக்கு, பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம் என்று ஆசை காட்டுகிறார்கள். சரக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. நம் பகுதி வாடிக்கையாளருக்கு இது எவ்வளவு பொருந்தும், இதை விற்பவர் தலையில் என்ன பொறுப்பு விழுகிறது என்பதை விசாரித்த பிறகே பெட்டியை இறக்க வேண்டும் என்பது நமது கருத்து.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பவர் பேங்கிற்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. போனுக்குள்ளும் அதே போன்ற ஒரு சுருள் இருந்தால்தான் இதிலிருந்து அதற்கு மின்சாரம் பாயும். இரண்டு சுருளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். சற்று விலகினாலும் சார்ஜ் குறையும், சூடு ஏறும். அப்படி விலகாமல் பிடித்து நிறுத்தத்தான் காந்தம். ஆப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டு ஐபோன் 12 வரிசையில் மேக்சேஃப் என்ற பெயரில் இந்தக் காந்த வளையத்தைக் கொண்டுவந்தது. 2023ஆம் ஆண்டு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான தரமாக 'ச்சீ 2' அறிவிக்கப்பட்டது. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'க்யூ ஐ' என்று படிக்கத் தோன்றும். 'ச்சீ' என்றுதான் சொல்ல வேண்டுமாம். கடையில் நின்று இதை உரக்கச் சொன்னால் வாடிக்கையாளர் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது. பெயர் எப்படியோ, விஷயம் இதுதான்: காந்தம் ஒட்டுவதற்கு, சுருள் சார்ஜ் ஏற்றுவதற்கு. ஒன்று இருப்பதால் மற்றது இருப்பதாக அர்த்தமில்லை.

நம் கடைக்காரர்கள் பலர் இடறும் இடமும் இதுவே. நம் பகுதியில் பவர் பேங்க் வாங்குபவர் யார்? எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் போக மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் பல நாள் கடலுக்குப் போகும் மீனவர். மணலியில் இரவு ஷிப்டு பார்க்கும் தொழிலாளி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து, மின்சாரம் இல்லாமல் வீட்டுக்குள் தண்ணீரோடு கிடந்த குடும்பங்கள், அந்த நாட்களில் பவர் பேங்கின் அருமையை நன்றாகவே உணர்ந்துகொண்டன. தேவை உண்மையான தேவைதான். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் போன். அந்த விலைப் போன்களில் வயர்லெஸ் சுருளே கிடையாது. அந்தப் போனில் எப்பேர்ப்பட்ட காந்த பவர் பேங்கை வைத்தாலும் ஒரு சொட்டுக் கூட ஏறாது.

இதற்குச் சில கடைகளில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐம்பது ரூபாய்க்கு ஓர் இரும்பு வளையத்தைப் போனின் பின்னால் ஒட்டிக் கொடுத்து, "இப்ப ஒட்டுது பாருங்க அண்ணே" என்று காட்டி விற்றுவிடுகிறார்கள். ஒட்டுவது உண்மை. ஏறுவது? வாடிக்கையாளர் மறுநாள் திரும்பி வருகிறார். வராவிட்டால் இன்னும் மோசம். பக்கத்துத் தெருவில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டார் என்று பொருள். இப்படி விற்பது வியாபாரமல்ல.

எனவே சரக்கைக் காட்டுவதற்கு முன் போனைக் கேளுங்கள். என்ன மாடல் என்று பாருங்கள். ஐபோன் 12 முதல் வந்த வரிசைகளில் காந்தமும் உண்டு, சுருளும் உண்டு. ஆனால் 2025இல் வந்த ஐபோன் 16இ மாடலில் சுருள் இருக்கிறது, காந்தம் இல்லை. சாம்சங்கின் விலை உயர்ந்த எஸ் 25 வரிசையிலும் அப்படியே. காந்தம் வைத்த கவர் போட்டால்தான் பவர் பேங்க் ஒழுங்காக நிற்கும். 2025 ஆகஸ்டில் வந்த கூகிள் பிக்சல் 10இல் காந்தம் உள்ளேயே இருக்கிறது. கடைப் பையன்களுக்கு இந்த நான்கு வகையையும் ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டி வைத்தால் போதும், பாதித் தகராறு குறையும்.

அடுத்தது அளவு. அட்டையில் 5,000 எம்.ஏ.எச். என்று போட்டிருக்கும். வாடிக்கையாளர் தன் போனிலும் 5,000தான், ஒரு முறை முழுதாக ஏறும் என்று கணக்குப் போடுகிறார். ஏறாது. பவர் பேங்கிற்குள் இருக்கும் செல் 3.7 வோல்ட்; 5,000 எம்.ஏ.எச். என்றால் 18.5 வாட்-அவர். போன் பேட்டரியும் ஏறக்குறைய அதே அளவு. வயர் வழியாகப் போனாலே வழியில் கொஞ்சம் விரயம். வயர் இல்லாமல் போகும்போது விரயம் இன்னும் அதிகம், அத்தனையும் சூடாகப் போகிறது. ஆகவே 5,000 அளவுள்ள காந்த பவர் பேங்க் ஒரு போனைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பினால் அதுவே நியாயமான சரக்கு. இதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். தரமான தயாரிப்பாளர்கள் செல்லின் அளவோடு, உண்மையில் வெளியே கிடைக்கும் அளவையும் சிறிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். அந்தச் சிறிய எழுத்தைப் படித்துக் காட்டுபவரிடம் வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.

பொய் அளவைக் கண்டுபிடிக்க நம்மிடம் ஒரு பழைய கருவி இருக்கிறது. தராசு. 10,000 எம்.ஏ.எச். என்றால் 37 வாட்-அவர். அந்த அளவு செல்லே ஏறக்குறைய 150 முதல் 190 கிராம் வரை இருக்கும், மேல் கூடும் காந்தமும் தனி. 50,000 என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டு கால் கிலோ எடையில் ஒரு பவர் பேங்க் வந்தால், அது பொய் என்று சொல்ல எந்த ஆய்வுக்கூடமும் வேண்டாம். உண்மையான 50,000 முக்கால் கிலோவுக்குக் குறையாது. தவிர, விமானத்தில் சாதாரணமாக 100 வாட்-அவர் வரைதான் அனுமதி, அதுவும் கைப்பையில் மட்டும். 50,000 என்பது 185 வாட்-அவர். வளைகுடா வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம்மிடம் வாங்கிக்கொண்டு போய் மீனம்பாக்கத்தில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். மளிகையில் எடை குறைந்தால் கேட்கிறோமே, இதில் ஏன் கேட்காமல் இருக்கிறோம்?

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். லித்தியம் செல்லுக்குச் சூடு ஆகாது. லாரி முன் கண்ணாடிக்கு அருகில், சித்திரை வெயிலில், போனும் பவர் பேங்கும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு சார்ஜ் ஏறினால் இரண்டும் சேர்ந்து கொதிக்கும். நல்ல போன் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். மட்டமான பவர் பேங்கிற்கு அந்த அறிவு கிடையாது. ஓட்டுநர் ஒருவர் வந்து கேட்டால் வயர் போடும் 10,000 அளவையே கொடுங்கள் என்போம். விலையும் குறைவு, ஏறுவதும் வேகம். ஐபோன் வைத்திருப்பவருக்கும் ச்சீ 2 சான்று பெற்ற, டைப்-சி துளையும் சேர்ந்த சரக்காகக் கொடுத்தால் அவசரத்துக்கு வயரில் போட்டுக்கொள்வார். சான்றில்லாத காந்த பவர் பேங்க் ஐபோனில் பெரும்பாலும் 7.5 வாட்டைத் தாண்டுவதில்லை. ச்சீ 2 சான்று பெற்றது 15 வாட் வரை கொடுக்கும். விலை வித்தியாசத்துக்குக் காரணம் கேட்டால் இதைச் சொல்லலாம்.

இனி நம் தலையில் விழும் பொறுப்புக்கு வருவோம். பவர் பேங்கிற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸில் கட்டாயப் பதிவு வேண்டும். மின்னணுப் பொருட்களுக்கான 2012ஆம் ஆண்டு ஆணையின் பட்டியலில் 2014இல் பவர் பேங்க் சேர்க்கப்பட்டது. பொருளின் மேல் தர எண்ணும், அதன் கீழ் 'ஆர்' என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டத்தின் 17ஆம் பிரிவு, கட்டாய முத்திரை இல்லாத பொருளைத் தயாரிப்பதை மட்டும் தடுக்கவில்லை. விற்பது, விற்பனைக்காக இருப்பு வைப்பது, காட்சிக்கு வைப்பது எல்லாமே அதில் அடங்கும். "நான் விற்கவில்லை, கிடங்கில்தான் கிடந்தது" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. முத்திரை அச்சடிப்பது பெரிய காரியமா என்று கேட்பீர்கள். ஆகவே எண்ணைப் பார்த்ததோடு விடாமல், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதில் வரும் தயாரிப்பாளர் பெயரும் பிராண்டும் நம் கையில் உள்ள பெட்டியோடு பொருந்த வேண்டும். இரண்டு நிமிட வேலை.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு கதவையும் திறந்துவிட்டது. பொருளால் கேடு விளைந்தால், தயாரிப்பாளர் யார் என்று தெரியாத நிலையிலோ, அவருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாத நிலையிலோ விற்றவரே பொறுப்பு என்று அதன் 86ஆம் பிரிவு சொல்கிறது. பெயரில்லாத பெட்டி, முகவரியில்லாத இறக்குமதியாளர், பில் இல்லாத கொள்முதல் மூன்றும் சேர்ந்தால் சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளர் இடத்தில் நிற்பவர் நாம்தான். பெட்டிக்கு முப்பது ரூபாய் மிச்சம் என்று பில் இல்லாமல் எடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் பவர் பேங்கிற்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்த பிறகும் பில்லை ஒளிக்க வேண்டிய அவசியம் என்ன?

பெரிய பெயர் என்றால் பயமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. உலகப் புகழ் பெற்ற ஆங்கர் நிறுவனம் 2025 ஜூனில் அமெரிக்காவில் ஒரே மாடலில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பவர் பேங்குகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் இன்னும் ஐந்து மாடல்களைத் திரும்பக் கேட்டது. அவற்றில் காந்தத்தால் ஒட்டும் 10,000 அளவும் ஒன்று. காரணம், ஒரே ஒரு செல் சப்ளையரின் சரக்கில் வந்த கோளாறு. சீனாவில் ரோமாஸ் நிறுவனமும் அதே மாதம் நான்கு லட்சத்து தொண்ணூறாயிரத்துக்கு மேல் திரும்பப் பெற்றது. கேஸ்லி என்ற நிறுவனத்தின் 5,000 அளவுள்ள ஒட்டும் பவர் பேங்க் அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் நான்கு லட்சத்துக்கு மேல் திரும்ப அழைக்கப்பட்டது. பெரிய பெயருக்கும் சின்னப் பெயருக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் தெரிகிறது. அவர்கள் மாடல் எண்ணைச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பெயரில்லாத சரக்கில் கோளாறு வந்தால் யார் அழைப்பார்? ஆகவே மாடல் எண், பேட்ச் எண் இரண்டையும் கொள்முதல் பில்லிலும் நம் விற்பனைப் பில்லிலும் எழுதும் வழக்கத்தை மொத்த வியாபாரிகளாகிய நாமே தொடங்க வேண்டும்.

ஆன்லைன் விற்பனையைப் பற்றிப் புலம்பாத வணிகர் கூட்டம் இல்லை. இந்தச் சரக்கில் மட்டும் நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. வாடிக்கையாளர் தன் போனோடு கடைக்கு வருகிறார். ஒட்டிப் பார்க்கலாம், கவரோடு ஒட்டிப் பார்க்கலாம், ஏறுகிறதா என்று திரையில் காட்டலாம், லேசாக ஆட்டிப் பார்த்துப் பிடிமானத்தைச் சோதிக்கலாம். இதை எந்த ஆன்லைன் கம்பெனியும் செய்ய முடியாது. ஒரு டெமோ பீஸைத் திறந்து வைக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையோடு தொங்கவிட்டால் அந்த அனுகூலமும் போய்விடும்.

எங்கள் கணக்கில், நம் பகுதிக் கடைக்குப் பத்து பவர் பேங்க் எடுத்தால் இரண்டு மட்டும் ஒட்டும் வகை போதும். காலடிப்பேட்டை, ராயபுரம் கடைவீதிகளில் ஐபோன் கொஞ்சம் கூடுதல் என்றால் மூன்று. கிடங்கில் தகரக் கூரைக்கு நேர் கீழே அடுக்காதீர்கள். பெயிண்ட், தின்னர் பக்கத்திலும் வேண்டாம். ஆறு மாதம் விற்காமல் கிடந்ததை ஒரு முறை சார்ஜ் போட்டு வையுங்கள். உப்பியது ஒன்று இருந்தாலும் அதைத் தள்ளுபடியில் தள்ளிவிட நினைக்காமல் சப்ளையரிடம் திருப்பிக் கொடுங்கள். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் கடமை தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் உண்டு.

நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். தரமணியில் உள்ள பி.ஐ.எஸ். அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரியை அழைத்து, தீபாவளிக் கொள்முதல் தொடங்குவதற்கு முன் ஒரு மாலை நேரக் கூட்டம் வைக்க வேண்டும். கடைப் பையன்களையும் அழைத்து வரச் சொல்லலாம். பதிவு எண்ணைச் சரிபார்ப்பது எப்படி என்று அவர்கள் கையிலேயே செய்து பழகட்டும். அந்தக் கூட்டத்துக்கு ஒரு தராசையும் இரண்டு மூன்று சாம்பிள்களையும் கொண்டுவரும் பொறுப்பை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.